எழுந்து போகும் உரிமை: மாணவரிடையே நற்செய்திப் பணி குறித்து

1. களமும் கேள்வியும்

கூடலூரைத் தாண்டிக் குமுளி மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடத்தில் லோயர் கேம்ப் இருக்கிறது. பெரியாறு அணை கட்டிய காலத்தில் (1887–1895) மலையடிவாரத்தில் அமைந்த முகாம்தான் ஊருக்குப் பெயர் தந்தது. பின்னர் நீர்மின் நிலையமும் மின்வாரியக் குடியிருப்பும் வந்தன. சித்திரைப் பௌர்ணமியன்று மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு மலையேறுவோர் புறப்படும் பளியன்குடி இங்கேதான். அந்த அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுக்குக்கு 2013இல் திறக்கப்பட்ட மணிமண்டபமும் இங்கேதான். பென்னிகுக்கின் பிறந்த நாளான ஜனவரி 15இல் அவர் படத்துக்கு மாலையிட்டுப் பொங்கல் வைப்பவர்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பலர். அவர் கிறிஸ்தவர் என்பது அவர்களை உறுத்தியதில்லை. அவரைக் கும்பிட்டதால் அவர்கள் கிறிஸ்தவர்களாகிவிடவும் இல்லை. பிறர் செய்த நன்மையைத் தன் வழிபாட்டு முறைக்குள்ளேயே ஏற்றுக்கொள்ளும் பழக்கம் இந்த மண்ணுக்கு உண்டு. மதமாற்றம் குறித்த பெரும்பாலான எழுத்துகள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இந்தப் பள்ளத்தாக்கின் கல்விக்கும் ஒரே மதம் கிடையாது. அரசுப் பள்ளிகளும் கள்ளர் சீரமைப்புத் துறையின் பள்ளிகளும் இருக்கின்றன. இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற ஊர்கள் கத்தோலிக்க மரபுக்குப் பெயர்பெற்றவை. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956 முதல் நடக்கிறது. பெரியகுளத்தில் கத்தோலிக்கத் துறவற சபையினர் நடத்தும் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி 1971இல் தொடங்கியது. லோயர் கேம்ப்பில் வளரும் ஒரு பிள்ளை பட்டம் வாங்குவதற்குள் இரண்டு மூன்று மதத்தாரின் நிர்வாகங்களைக் கடந்துவிடக்கூடும்.

இங்கே ஒரு மாணவரிடம் கிறிஸ்தவ விசுவாசம் சொல்லப்படும்போது, பகிர்தல் எங்கே முடிகிறது, திணித்தல் எங்கே தொடங்குகிறது? இதற்கு இரண்டு ஆயத்த விடைகள் உண்டு. ஊழியம் செய்வோர் இயேசுவின் கட்டளையையும், மதத்தைப் பரப்பும் உரிமை தரும் அரசியலமைப்பின் 25ஆவது கூறையும் காட்டுகிறார்கள். எதிர்ப்போர் மிஷன் பள்ளி என்றாலே மதம் மாற்றும் பொறி என்கிறார்கள். இரு தரப்பும் சொல்பவரின் நோக்கத்தைத்தான் பார்க்கின்றன. கேட்பவர் எந்த நிலையில் இருக்கிறார், பிடிக்கவில்லை என்றால் அவரால் எழுந்து போக முடியுமா என்பதைப் பார்த்தால் விடை வேறாக வரும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இந்த அளவுகோல் புதிதன்று. தமிழகத்தின் சுமார் 190 ஆண்டு அனுபவத்தில் அது திரும்பத் திரும்பத் தலைகாட்டியிருக்கிறது.

2. யாழ்ப்பாணத்திலிருந்து பெரியகுளம் வரை

கம்பம் பள்ளத்தாக்கின் சீர்திருத்தச் சபைகளுக்கு வேர் அமெரிக்கன் மதுரை மிஷன். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள் அதைத் தொடங்கினார்கள். வட்டுக்கோட்டைச் செமினரியை 1823 முதல் நடத்திய டேனியல் பூர் 1830களின் நடுவில் மதுரைக்கு வந்து பள்ளிகளைப் பெருக்கினார். பள்ளத்தாக்கின் பணி பெரியகுளம் நிலையத்தின் பொறுப்பில் இருந்தது. கிராமங்களில் ஒரே கட்டடம் வாரநாளில் பள்ளிக்கூடமாகவும் ஞாயிற்றுக்கிழமை ஜெபவீடாகவும் இருந்தது; வாத்தியாரே உபதேசியார். படிப்பும் பக்தியும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால் எது எங்கே முடிகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் அன்று பலருக்கு இல்லை. ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைக்கு வேறு பள்ளியின் கதவு திறக்காத காலம் அது. எழுந்து போகும் உரிமை இருந்திருந்தாலும், எழுந்தால் எங்கே போவது?

இந்த மிஷனின் வரலாற்றில் இரண்டு நிகழ்ச்சிகள் நம் கேள்விக்கு முக்கியமானவை. முதலாவது 1847இல் நடந்தது. சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாரும் சேர்ந்து உண்ண வேண்டும் என்று மிஷன் நிபந்தனை விதித்தது. உபதேசியார்கள் பலர் விலகினார்கள். பசுமலைச் செமினரியின் மாணவர்களும் வெளியேறினார்கள். வேதபாடத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் சமபந்தி என்றதும் எழுந்துவிட்டார்கள். இரண்டாவது 1854–55இல் அமெரிக்கத் தலைமையகத்திலிருந்து ரூஃபஸ் ஆண்டர்சன் வந்து பார்வையிட்டது. ஆங்கிலக் கல்வி சபைக்கு வேண்டிய ஊழியர்களைத் தரவில்லை, உத்தியோகத்துக்கான ஏணியாகிவிட்டது என்பது அவர் கணிப்பு. வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டது. மதுரைப் பக்கமும் ஆங்கிலக் கல்வி ஒதுக்கப்பட்டது. 1881இல் பசுமலையில் மிஷனரி வாஷ்பர்ன் ஒரு கல்லூரியைத் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது. அதுதான் இன்றைய மதுரை அமெரிக்கன் கல்லூரி.

பள்ளி மதமாற்றத்துக்கான கருவி என்ற குற்றச்சாட்டை முதலில் பரிசோதித்துப் பார்த்தவர்கள் மிஷனரிகளே என்பதுதான் இதில் வேடிக்கை. கருவி சரியாக வேலை செய்யவில்லை என்று அவர்களே அறிக்கை எழுதினார்கள். வட்டுக்கோட்டையில் படித்த சி.வை. தாமோதரம் பிள்ளை கிறிஸ்தவச் சூழலிலிருந்து சைவத்துக்குத் திரும்பிப் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். வெஸ்லியன் மிஷனின் பீட்டர் பெர்சிவலுடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். வகுப்பறை, அச்சகம், பிரசங்கம் என்று மிஷனிடம் கற்றதை மிஷனுக்கு எதிராகவே அவர் திருப்பினார். மாணவர் என்பவர் ஊற்றியதை நிரப்பிக்கொள்ளும் பாத்திரம் அல்லர்.

3. சென்னை: வெளியேறிய மாணவர்கள்

சென்னையில் ஸ்காட்லாந்து மிஷனின் ஜான் ஆண்டர்சன் 1837இல் தொடங்கிய பள்ளி பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அடுத்த ஆண்டே அங்கு ஒரு நெருக்கடி. பறையர் சிறுவர் சிலரைச் சேர்த்ததற்காகச் சாதி இந்து மாணவர்கள் வெளியேறினார்கள், ஆண்டர்சன் பணியவில்லை. 1841இல் மாணவர் சிலர் ஞானஸ்நானம் பெற்றபோது மீண்டும் பள்ளி காலியானது. முதல் வெளியேற்றம் சாதிக்காக, இரண்டாவது மதத்துக்காக. ஆனால் வெளியேறியவர்கள் பெரும்பாலும் ஒரே வகுப்பார் என்பதையும், இரண்டு முறையும் சில காலத்துக்குள் இருக்கைகள் மறுபடி நிரம்பின என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலக் கல்வியின் தேவை அவ்வளவு.

அந்தக் காலத்தில் வயதுப் பிரச்சினையும் நீதிமன்றம் ஏறியது. பம்பாயில் 1843இல் சிறுவன் ஸ்ரீபத் சேஷாத்ரியை மிஷனிடமிருந்து தந்தையிடம் ஒப்படைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. விவரம் அறியும் வயது எது என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

1846இல் ஆளுநர் ட்வீடேல் பிரபு, அரசுப் பள்ளிகளிலும் விவிலியத்தைச் சேர்க்க வேண்டும் என்று குறிப்பு எழுதினார். காஜுலு லட்சுமிநரசு செட்டியும் அவரது ‘கிரசென்ட்’ பத்திரிகையும் முன்னின்று எதிர்ப்பைத் திரட்டினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் ஆளுநரின் யோசனையை ஏற்கவில்லை. 1852இல் உருவான சென்னைச் சுதேசிகள் சங்கத்துக்கு இந்த எதிர்ப்பு அடித்தளமானது. தென்னிந்தியாவின் முதல் அரசியல் அமைப்புக்கு வித்திட்டவற்றுள் பள்ளிக்கூடத்து விவிலியமும் ஒன்று! 1854ஆம் ஆண்டின் வுட் அறிக்கை, அரசுப் பள்ளியில் மதப் போதனை கூடாது, ஆனால் மிஷன் பள்ளிக்கு மானியம் உண்டு என்று ஒரு சமரசத்தை வகுத்தது. இன்றுவரை நாம் அந்தச் சமரசத்துக்குள்தான் வாழ்கிறோம்.

கௌரி விசுவநாதன் 1989இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்னொரு விளக்கம் தருகிறது. நேரடியாக விவிலியத்தைக் கற்பிக்க முடியாத இடத்தில் ஆங்கில இலக்கியம் அந்த வேலையைச் செய்தது என்கிறார் அவர். கவர்ச்சியான வாதம், ஆனால் தாமோதரம் பிள்ளை, நாவலர் போன்றோரை அதற்குள் பொருத்துவது கடினம். கற்பித்தவர்களின் திட்டத்தை அது துல்லியமாக விளக்குகிறது. கற்றவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பது அதற்குள் அடங்கவில்லை.

1862இல் சென்னை வந்து கிறிஸ்தவக் கல்லூரியை வழிநடத்திய வில்லியம் மில்லர் வேறு வழி பார்த்தார். ஞானஸ்நான எண்ணிக்கையால் கல்லூரியை அளக்கக் கூடாது. கிறிஸ்தவச் சிந்தனை சமூகத்தில் மெல்லப் பரவினால் போதும் என்பது அவர் நிலைப்பாடு. சக மிஷனரிகள் பலர் இதைக் கைகழுவல் என்று கருதினார்கள். அப்படியிருந்தும் விவிலிய வகுப்பு கட்டாயமாகவே தொடர்ந்தது. 1888இல் ஒரு மாணவரின் மதமாற்றத்தை ஒட்டி மாணவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மறு ஆண்டே சிவசங்கர பாண்டியா முயற்சியில் இந்து சமயப் பள்ளி ஒன்று சென்னையில் உருவானது. மில்லர் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் வருகைப் பதிவேடு தாராளமாக இல்லை. 1910களில் சீனிவாச சாஸ்திரி சட்டசபையில் எழுப்பிய மனச்சாட்சி விதிக் கோரிக்கை இந்த இடத்தைத்தான் குறிவைத்தது. மானியம் பெறும் பள்ளியில் மத வகுப்பிலிருந்து விலகிக்கொள்ள மாணவருக்கு உரிமை வேண்டும் என்பது அதன் சாரம். கட்டாயத்தை விட்டால் மிஷனின் நோக்கமே போய்விடும் என்று சிலர் வாதிட்டார்கள். கட்டாயத்தால் வரும் விசுவாசம் விசுவாசமே அல்ல என்று கிறிஸ்தவர்களிலேயே வேறு சிலர் பதில் சொன்னார்கள். 1931இல் வெளிவந்த லிண்ட்சே ஆணைக்குழு அறிக்கை, கிறிஸ்தவக் கல்லூரிகள் எதற்காக இருக்கின்றன என்ற அடிப்படைக் கேள்வியையே மேசைமேல் வைத்தது.

4. சட்டம் போட்ட கோடு

அரசியல் நிர்ணய சபையில் இந்த விவாதம் மாணவரைச் சுற்றியே சுழன்றது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1947 மே முதல் நாள் ஒரு வரைவு விதி விவாதத்துக்கு வந்தது: 18 வயதுக்கு உட்பட்டவரின் மதமாற்றத்தைச் சட்டம் அங்கீகரிக்காது. கே.எம். முன்ஷி இதற்காக வாதாடினார். கிறிஸ்தவ உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். பெற்றோர் மதம் மாறினால் பிள்ளைகளின் நிலை என்ன, அவர்களைப் பிரித்துவிடுவதா என்பது அம்பேத்கர் எழுப்பிய சிக்கல். விதி ஆலோசனைக் குழுவுக்குத் திரும்பிப் போனது. கடைசியில் அரசியலமைப்பில் இடம்பெறவில்லை. 1948 டிசம்பர் 6இல் மதத்தைப் பரப்பும் உரிமை விவாதிக்கப்பட்டபோது டி.டி. கிருஷ்ணமாச்சாரி தம் அனுபவத்தைச் சொன்னார். சுமார் 14 ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்தும் தம்மை மதம் மாற்ற யாரும் முயன்றதில்லை என்றார் அவர். பரப்பும் உரிமை நிலைத்ததற்கு மிஷன் பள்ளியில் படித்த இந்துக்களின் இத்தகைய சாட்சியமும் துணைநின்றது.

இறுதியில் வந்த 28ஆவது கூறு இப்படிப் பிரிக்கிறது: முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் நிறுவனத்தில் மதப் போதனை கூடாது, அரசு அங்கீகாரமோ மானியமோ பெற்ற நிறுவனத்தில் நடக்கலாம், ஆனால் மாணவரின் சம்மதமோ, அவர் சிறார் என்றால் காப்பாளரின் சம்மதமோ இல்லாமல் அவரைக் கலந்துகொள்ளச் செய்யக் கூடாது. மனச்சாட்சி விதி வென்றுவிட்டது, ஏட்டில். 1977இல் ஸ்டெனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமைக்குள் மதம் மாற்றும் உரிமை அடங்காது என்றது. தமிழகத்தில் 2002இல் கொண்டுவரப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம், சிறார் மதமாற்றத்துக்குக் கூடுதல் தண்டனை வைத்தது. 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பின் அது திரும்பப் பெறப்பட்டது.

எனினும் மாணவர் உரிமை பற்றி இந்திய நீதிமன்றம் தந்த மிகத் தெளிவான தீர்ப்பு மதமாற்ற வழக்கு எதிலும் வரவில்லை. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளி அவர்களை நீக்கியது. 1986இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பள்ளிச் சீருடைக்குள்ளும் ஒரு மனச்சாட்சி இருக்கிறது, அது வாய்மூடி நிற்கலாம் என்று ஆனது. கிறிஸ்தவச் சிறுபான்மைக்குள்ளும் சிறுபான்மையான ஒரு கூட்டத்தின் பிள்ளைகள் பெற்ற இந்த உரிமை, கிறிஸ்தவப் பள்ளியில் ஜெபத்தின்போது வாய்மூடி நிற்கும் இந்துப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் அப்படியே பொருந்தும்.

சட்டத்தின் குறை வேறிடத்தில் இருக்கிறது. பள்ளிக்குப் பணம் யார் தருகிறார் என்பதை வைத்தே அது கோட்டைப் போடுகிறது. ஆனால் மாணவர் மேல் விழும் அழுத்தம் மானியக் கணக்கைப் பார்த்து வருவதில்லை.

5. பக்கத்தில் போய்ப் பார்த்தால்

உதவிபெறும் பள்ளி ஒன்றின் காலை வழிபாட்டை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். கண்களை மூடச் சொல்கிறார்கள். யார் மூடவில்லை என்று பார்க்க ஓர் ஆசிரியர் மட்டும் கண் திறந்து நிற்கிறார். ஜெபத்தில் ஆட்சேபகரமான வார்த்தை ஒன்றும் இருக்காது. தேர்வு, பெற்றோர், மழை. கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு என்று பிரித்துவிடும் நல்ல வழக்கம் உண்டு. காலை வழிபாட்டுக்கு அந்தப் பிரிவினை இல்லை. சம்மதம் கேட்டார்களா என்றால், சேர்க்கையே சம்மதம் என்பதுதான் எழுதாத விதி.

அடுத்து மே மாதம். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் விடியற்காலையில் ஜீப் ஏறிக் குமுளி வழியாக மலைக்குப் போய்விடுகிறார்கள். பள்ளி விடுமுறை, பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. ஊர்ச் சபையில் வி.பி.எஸ். எனப்படும் விடுமுறை வேதாகமப் பள்ளி தொடங்குகிறது. காலையில் பாட்டு, கைச்சாடையோடு. பிறகு கதை, மனப்பாட வசனம், படத்துக்கு வண்ணம் தீட்டல், இடையில் பிஸ்கட்டும் சர்பத்தும். கடைசி நாளில் நிகழ்ச்சியும் பரிசும். இந்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். தாய்க்குத் தெரியும், தாயே அனுப்புகிறாள். பிள்ளை பத்திரமாக ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும் என்பது அவள் கணக்கு. எதிர்ப்பாளர்கள் இங்கே பிஸ்கட்டைத் தூண்டிலாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிடிக்காத பிள்ளை மறுநாள் வராது. வராததால் அதற்கு எந்த நட்டமும் இல்லை. மாரியம்மன் கோயில் கூழுக்கும் தர்கா நார்சாவுக்கும் ஓடும் அதே கால்கள்தான் இங்கும் ஓடுகின்றன. கண்ணை மூடச் சொல்லும் காலை வழிபாட்டைவிட வெளிப்படையாகப் பிரசங்கம் செய்யும் வி.பி.எஸ். மாணவரின் உரிமையைக் குறைவாகவே தொடுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: இயேசுவை ஏற்றுக்கொள்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்று எட்டு வயதுப் பிள்ளைகளைக் கேட்டு, தூக்கிய கைகளை எண்ணி அறிக்கை எழுதும் பழக்கம் நிற்க வேண்டும். எட்டு வயதில் எந்தக் கேள்விக்கும் கை தூக்குவார்கள்.

விடுதி இதற்கு நேர் எதிர். விடுதிப் பிள்ளை எழுந்து போக முடியாது; உணவும் படுக்கையும் அங்கேதான். மாலை ஜெபத்துக்கு வராத பிள்ளையை வார்டன் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலும், சொல்லக்கூடும் என்ற எண்ணமே போதும். ஏழைப் பிள்ளைக்கு இடம் தரும் நற்செயல் இங்கே தன்னையறியாமல் அழுத்தமாக மாறுகிறது. கிறிஸ்தவ நிர்வாகங்கள் மிகுந்த கவனத்தோடு தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான்.

அரசுப் பள்ளியில் ஆசிரியர் தனிப்பட்ட முறையில் மதம் பேசுவது சட்டப்படியே தவறு. 2022இல் கன்னியாகுமரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில் ஆசிரியை மேல் இத்தகைய புகார் எழுந்து அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 2024இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் ஒரு சொற்பொழிவாளர் முற்பிறவியையும் கர்மத்தையும் பற்றிப் பேச, பார்வைச் சவால் உள்ள ஆசிரியர் ஒருவர் எழுந்து மறுத்தார். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டும். முதலாவதைக் கண்டித்து இரண்டாவதை ஆன்மிகம் என்று விட்டுவிடுவோரும், இரண்டாவதைக் கண்டித்து முதலாவதைச் சாட்சி என்று காப்போரும் மாணவர் பக்கம் நிற்பவர்கள் அல்லர். அரசுப் பள்ளிச் சரஸ்வதி பூஜைக்கும் இதே கேள்வி உண்டு. அதை நாம் கேட்டுப் பழகவில்லை.

6. கல்லூரி வளாகமும் சாதிச் சான்றிதழும்

கல்லூரியில் வயது ஒரு பெரிய சிக்கலைத் தீர்த்துவிடுகிறது. அங்கே மாணவரிடம் மாணவரே பேசும் மரபும் பழையது. இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம் 1912இலும், கத்தோலிக்க மாணவர்களின் ஐக்கஃப் 1924இலும், நற்செய்தி நோக்குள்ள யு.இ.எஸ்.ஐ. 1954இலும் தோன்றின. யு.இ.எஸ்.ஐ.யின் தொடக்க காலத் தூண்களில் ஒருவரான எச். ஏனோக் சென்னை மாநிலக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர். அதன் முறை எளிது: மாணவர்களே சிறு குழுவாகக் கூடி வேதம் படிப்பது, ஜெபிப்பது, நண்பரை அழைப்பது. ஐக்கஃப் 1970இல் பூந்தமல்லியில் வெளியிட்ட பிரகடனத்தோடு வேறு பக்கம் திரும்பியது. சமூக ஆய்வும் நீதிக்கான பணியுமே விசுவாசத்தின் வெளிப்பாடு என்றது. முன்னவர் பின்னவரை நற்செய்தியைக் கைவிட்டவர்கள் என்றும், பின்னவர் முன்னவரைச் சமூகம் மறந்தவர்கள் என்றும் பேசிக்கொள்வது வளாகங்களில் பழகிய காட்சி.

நம் அளவுகோலில் இந்த மாதிரி நன்றாகவே தேறுகிறது. மதிப்பெண் போடுபவர் பேசவில்லை; பக்கத்து மேசைக்காரர் பேசுகிறார். மறுப்பவர் ஒரு கூட்டத்தைத்தான் இழப்பார். ஒரே ஒரு ஓட்டை, முதலாண்டு மாணவரை மூத்த மாணவர் அழைப்பது. சீனியர் கூப்பிட்டால் மறுக்க முடியாத விடுதிப் பண்பாட்டில் அது அழைப்பாக இருப்பதில்லை.

இதைவிடக் கனமான பிரச்சினை ஒன்று உண்டு. மாணவர் ஊழியங்களின் மேடையில் அதைக் கேட்பது அரிது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே பட்டியல் சாதியினர். தலித் மாணவர் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றால் அந்தத் தகுதியை இழக்கிறார். தமிழகத்தில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். கல்லூரி இடம், வேலை, வன்கொடுமைச் சட்டப் பாதுகாப்பு எல்லாம் இதோடு மாறும். சாதிச் சான்றிதழுக்காக மட்டும் இந்து என்று கூறிக்கொள்வது அரசியலமைப்பை ஏமாற்றுவது என்று, புதுச்சேரிப் பெண் ஒருவர் தொடுத்த வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலித் கிறிஸ்தவர்கள் பல பத்தாண்டுகளாக இந்த ஆணையை எதிர்த்துப் போராடுகிறார்கள். ஆணை அநீதியானது என்பதே என் கருத்தும். ஆனால் அநீதி நீங்கும்வரை, பதினெட்டு வயது மாணவரிடம் ரட்சிப்பைச் சொல்பவர் இந்த விலையையும் சொல்லக் கடமைப்பட்டவர். தெரியாமல் எடுத்த முடிவு சுதந்திரமான முடிவு ஆகாது.

1838இலும் 1847இலும் மிஷன்கள் சாதியை எதிர்த்து மாணவர்களை இழக்கத் துணிந்தன. கையில் கட்டிய வண்ணக் கயிற்றால் சாதி காட்டும் பழக்கத்தைத் தடுக்க நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரை செய்யும் நிலைக்கு நம் பள்ளிகள் வந்திருக்கின்றன. இந்த நேரத்தில் மாணவர் ஐக்கியங்கள் சாதியைப் பற்றி மௌனமாக இருப்பது அந்த மிஷன்களின் மரபுக்கே முரண்.

7. எண்ணிக்கை என்ன சொல்கிறது

இவ்வளவு நீண்ட பள்ளிப் பணிக்குப் பிறகும் தமிழகத்தில் கிறிஸ்தவர் விகிதம் 2001 கணக்கெடுப்பில் 6.07, 2011இல் 6.12. பள்ளி மதம் மாற்றும் பொறி என்றால் அது மிக மோசமாக வேலை செய்யும் பொறி. மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளில் சபைகள் வளர்ந்தது பெரும்பாலும் குடும்பமாக, சாதிக் குழுவாக மக்கள் சேர்ந்ததால். நேத்தேனியல் ராபர்ட்ஸ் சென்னைக் குடிசைப் பகுதியில் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வும் மதமாற்றத்தின் மையமாக அக்கம்பக்கத்துப் பெண்களின் உறவையே காட்டுகிறது. அங்கே பள்ளிக்கூடம் முன்னிற்கவில்லை. ஆகவே வகுப்பறையைக் கட்டாயத்திலிருந்து விடுவித்தால் கிறிஸ்தவத்துக்கு எதுவும் குறைந்துவிடாது. எதிர்ப்பாளர்களின் அச்சமும் எண்களில் நிற்கவில்லை.

இதிலிருந்து வரும் தீர்ப்பு இரு தரப்புக்கும் சங்கடமானது. தெருவில், சபை வளாகத்தில், நண்பர்களுக்குள், வயது வந்தவர்களின் கூட்டத்தில் நற்செய்தி சொல்வதைத் தடுக்க யாருக்கும் நியாயம் இல்லை. மதிப்பெண், விடுதி, வருகைப் பதிவேடு இவற்றைக் கையில் வைத்திருப்பவர் தம் பொறுப்பிலுள்ள மாணவரிடம் அதைச் சொல்வதற்கும் நியாயம் இல்லை. அவர் எந்த மதத்தவரானாலும் சரி.

பள்ளத்தாக்கின் மதச் சார்புள்ள பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஜூனில் அச்சிடும் சேர்க்கை விண்ணப்பத்தில் ஒரு வரி சேருங்கள்: வழிபாட்டிலும் மத வகுப்பிலும் பிள்ளை கலந்துகொள்ளச் சம்மதமா, இல்லையா? இல்லை என்ற கட்டத்தில் குறியிட்ட பிள்ளை அந்த நேரத்தில் உட்கார நூலகத்தில் ஒரு பெஞ்சு ஒதுக்குங்கள். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. 28(3)ஆவது கூறு 1950 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது.